இரண்டு வாசல்களுக்கு நடுவே கெய்ரோ

எகிப்துக்குக் கூட்டிப்போகும் சுற்றுலாத் திட்டங்களில் கெய்ரோவுக்கென்று ஒதுக்கும் நாள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். காலையில் பிரமிடும் ஸ்பிங்க்ஸும். மதியம் அருங்காட்சியகம். பொழுது சாயும்போது கான் அல்-கலீலி கடைத்தெருவில் ஒரு மணி நேரம், அதுவும் பொருள் வாங்குவதற்காக. இதைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. பிரமிடுகள் இருப்பது கீசாவில். நைலின் மேற்குப் பக்கம், வேறு ஊர், வேறு மாகாணம். 2025 நவம்பரில் முறைப்படி திறக்கப்பட்ட பெரிய எகிப்திய அருங்காட்சியகமும் அங்கேதான், பிரமிடுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்படியானால் அந்த நாளில் கெய்ரோ என்று கணக்கில் சேர்வது கடைசி ஒரு மணி நேரம் மட்டும்தான். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஒரு நாள்கூடக் காலியாகாமல் மக்கள் வாழ்ந்துவரும் நகரத்தை, பேரம் பேசும் நேரத்தில் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு பஸ் ஏறுகிறோம்.

கீசாவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள், அது தகும். கெய்ரோவுக்குத் தனியாக இன்னொரு நாள் எடுத்துவையுங்கள். அந்த நாளை எப்படிச் செலவழிப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வண்டியில் இடம்விட்டு இடம் தாவக் கூடாது. பழைய நகரத்தின் வட வாசலான பாப் அல்-ஃபுதூஹில் தொடங்கித் தென் வாசலான பாப் ஸுவைலா வரை, அல்-முயிஸ் தெருவின் சுமார் ஒன்றரை கிலோமீட்டரை நடந்தே கடக்க வேண்டும். கால்கள் ஒத்துழைத்தால் அங்கிருந்து இன்னும் தெற்கே சுல்தான் ஹசன் பள்ளிவாசல், இப்னு தூலூன் பள்ளிவாசல் வரை போகலாம். மொத்தம் நான்கு கிலோமீட்டருக்குள்தான் வரும். இந்த வரிசையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், இங்கே கட்டடங்களைவிடத் தெரு மூத்தது. கட்டடங்கள் ஒவ்வொன்றும் தெருவோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டுதான் எழுந்திருக்கின்றன. அந்த உடன்படிக்கையைக் காரின் ஜன்னலிலிருந்து பார்க்க முடியாது. நடுவழியில் இறங்கி ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து திரும்புகிறவருக்கும் அது பிடிபடாது.

கிளம்புவதற்கு முன்

வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். ஜும்ஆ தொழுகைக்காக முற்பகல் பதினொன்றரை வாக்கிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பள்ளிவாசல்களில் பார்வையாளருக்கு அனுமதி இராது. நாளின் நடுப்பகுதி அப்படியே உடைந்துபோகும். மற்ற நாட்களில் நண்பகல் தொழுகையான லுஹர் நேரத்தில் அரை மணி நேரம் ஒதுங்கி நின்றால் போதும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் வழக்கம் 2023இல் மீண்டும் வந்துவிட்டதால், லுஹர் குளிர்காலத்தில் பன்னிரண்டையொட்டியும் கோடையில் ஒரு மணியையொட்டியும் வரும். ரமலானில் பார்வை நேரம் சுருங்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரை நடப்பதற்கு இதமாக இருக்கும், ஆனால் டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மெட்ரோவின் மூன்றாம் பாதையில் பாப் அல்-ஷஅரிய்யா நிலையத்தில் இறங்கிக் கிழக்கே கால் மணி நேரம் நடந்தால் வட மதிலை அடையலாம். அங்கே நீங்கள் கடக்கும் போர்ட் சயீத் சாலை ஒரு காலத்தில் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதைத் தூர்த்துச் சாலையாக்கினார்கள். இந்தக் கால்வாய் பின்னால் நமக்கு வேண்டியிருக்கும், நினைவில் வையுங்கள். செயலி வழியாக டாக்சி பிடித்தால் இறங்குமிடத்தைப் ‘பாப் அல்-ஃபுதூஹ்’ என்றே குறியுங்கள். ‘கான் அல்-கலீலி’ என்று போட்டால் வண்டி ஹுசைன் சதுக்கத்தில் கொண்டுபோய் விடும். பெரும்பாலானோர் தடம் புரள்வது இங்கேதான். அந்தச் சதுக்கம் தெருவின் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. இறங்கியதும் கடைக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். வாசலைப் பார்க்காமலே நகரத்துக்குள் வந்துவிட்டதால் வடக்கு எது, தெற்கு எது என்பதும் புரியாது.

பணத்தில் இரண்டு விதம் தேவை. தொல்லியல் துறையின் டிக்கெட் சாளரங்கள் பலவற்றில் இப்போது கார்டு மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள், ஆகவே வெளிநாட்டில் செல்லும் கார்டு ஒன்று அவசியம். அதே சமயம் பள்ளிவாசல் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்பவருக்கும், பூட்டிய கதவைத் திறந்துகாட்டும் காவலருக்கும் கொடுக்க 10, 20 பவுண்டு நோட்டுகள் கணிசமாக வேண்டும். 200 பவுண்டு நோட்டை நீட்டினால் சில்லறை திரும்பாது. தெருவின் அருங்காட்சியகக் கட்டடங்கள் பலவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டு. அதைத் தெருவின் நடுப்பகுதியில் உள்ள சுல்தான் கலாவூனின் வளாகத்தில் வாங்கலாம். அல்-ஹாகிம், அல்-அக்மர், அல்-அஸ்ஹர், இப்னு தூலூன் போன்றவை தொழுகை நடக்கும் பள்ளிவாசல்கள், டிக்கெட் கிடையாது. பாப் ஸுவைலாவுக்கும் சுல்தான் ஹசனுக்கும் தனித்தனி டிக்கெட். பெண்கள் தலைக்கு ஒரு துப்பட்டா வைத்துக்கொள்ள வேண்டும், முழங்கால் தெரியும் உடை யாருக்கும் ஆகாது. நாள் முழுக்கப் பத்து முறையாவது காலணியைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் நாடா கட்டும் ஷூ வேண்டாம். ஆனால் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். வெயில் நேரத்தில் முற்றத்துப் பளிங்கு சுடும்.

வட வாசல்

காலை எட்டரைக்கு பாப் அல்-ஃபுதூஹுக்கு வெளியே, மதிலுக்கு வடக்கே நின்று தொடங்குங்கள். உள்ளே நுழைய அவசரம் வேண்டாம். 969இல் ஃபாத்திமிய அரச மரபின் தளபதி ஜவ்ஹர் இந்த நகரத்தை அமைத்தபோது மதில் செங்கல்லால் ஆனது. அன்று இது கலீஃபாவுக்கும் அவருடைய படைக்கும் உரிய அரண்மனை நகரம். சாதாரண மக்கள் தெற்கே பழைய தலைநகரான ஃபுஸ்தாத்தில் இருந்தார்கள். இப்போது நாம் பார்க்கும் கல் மதிலை 1087இல் எழுப்பியவர் பத்ர் அல்-ஜமாலி என்ற ஆர்மீனிய அமைச்சர். இந்த வாசலின் உருண்டைக் கோபுரங்களையும், சற்றுக் கிழக்கே உள்ள பாப் அல்-நஸ்ரின் சதுரக் கோபுரங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவே மதிலில் ஃபாரோக்கள் காலத்துக் கட்டடங்களிலிருந்து பெயர்த்தெடுத்த கற்கள் கலந்திருக்கின்றன. கோபுரங்களில் 1798இல் வந்த நெப்போலியனின் படையினர் வெட்டிவைத்த பிரெஞ்சுப் பெயர்களையும் காணலாம்.

உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் அல்-ஹாகிம் பள்ளிவாசல். 990இல் தொடங்கி 1013இல் முடிந்தது. கட்டியபோது இது முதல் மதிலுக்கு வெளியே இருந்தது. பத்ர் மதிலை வடக்கே தள்ளிக் கட்டியதால் உள்ளே வந்தது. பல நூற்றாண்டுகள் சிறையாகவும் லாயமாகவும் கிடங்காகவும் பாழடைந்து கிடந்ததை 1980இல் ஷியா முஸ்லிம் பிரிவான தாவூதி போஹ்ரா சமூகத்தினர் புதுப்பித்தார்கள். வெள்ளைப் பளிங்கு முற்றம் அவர்கள் போட்டது. பழைமை விரும்பிகள் சிலர் அதைக் குறை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூரையில்லாமல் கிடந்த இடத்தில் இன்று குடும்பங்கள் வந்து உட்கார்ந்து குழந்தைகளை ஓடவிடுகின்றன. பள்ளிவாசலுக்கு அதைவிடப் பெரிய மீட்பு என்ன இருக்கிறது?

இங்கே ஒரு காரியம் செய்யுங்கள். கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து, பள்ளிவாசல் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு வெளியே வந்து தெரு எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமையாது, ஏறக்குறைய பத்து பாகை பிசகும். தெருக்களின் ஒழுங்கு அந்தப் பழைய கால்வாயை ஒட்டி அமைந்தது. பள்ளிவாசலோ வானியலாளர் கணக்கிட்ட கிப்லாவை, அதாவது தொழுகைக்குரிய மக்காவின் திசையை, நோக்கி நிற்கிறது. அல்-ஹாகிமுக்கு அன்று மதிலுக்கு வெளியே தாராளமாக இடம் இருந்தது, ஆகவே தெருவைப் பொருட்படுத்தாமல் தன் போக்கில் திரும்பி நின்றுகொண்டது. பின்னால் வந்தவர்களுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை.

தெற்கே நடக்க நடக்கக் கடைகளின் தொழில் மாறிக்கொண்டே வரும். தொடக்கத்தில் தேநீர்க் கடைகளுக்கு வேண்டிய ஷீஷா என்னும் ஹூக்காக் குழாய்கள், செம்புக் காப்பிப் பாத்திரங்கள், ஃபூல் வேகவைக்கும் குறுகிய கழுத்துள்ள பெரிய பானைகள். காலை உணவு சாப்பிடாதவர்கள் இந்தப் பகுதியிலேயே முடித்துக்கொள்ளலாம். ஃபூல் என்பது இரவெல்லாம் மெல்லிய தீயில் வெந்த பாக்லா மொச்சை. எலுமிச்சை, சீரகம், எண்ணெய் சேர்த்து ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். தஅமிய்யா அதே மொச்சையை ஊறவைத்துப் பச்சையாக அரைத்துப் பொரித்த வடை. இரண்டிலும் இறைச்சி கிடையாது. இடப்புறம் பிரியும் தர்ப் அல்-அஸ்ஃபர் சந்தில் 1648இல் கட்டிய சுஹைமி இல்லம் இருக்கிறது. தெருப்பக்கம் மரச் சல்லடை ஜன்னல்கள், உள்ளே நிழல் முற்றம், கூரைமேல் வடக்குக் காற்றைப் பிடித்துக் கூடத்துக்குள் இறக்கும் காற்றுப்பொறி. அதன் அடியில் நின்றால் வெயில் காலத்தில்கூடக் காற்று இறங்குவதை உணரலாம். முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

அல்-அக்மர்

இந்த நாளின் திருப்பம் இங்கேதான். சுஹைமி இல்லத்திலிருந்து தெருவுக்குத் திரும்பித் தெற்கே சிறிது நடந்தால் இடப்பக்கம் சின்னப் பள்ளிவாசல் ஒன்று. பெரும்பாலானோர் முகப்பைப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். வழிகாட்டிகளும் முகப்பின் நடுவில் உள்ள கல் வட்டத்தைக் காட்டி, முஹம்மது, அலீ என்ற பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருப்பதைச் சொல்லிவிட்டு கலாவூனை நோக்கி விரைவார்கள். நீங்கள் இருபது நிமிடமாவது நில்லுங்கள். 1125இல் ஃபாத்திமிய அமைச்சர் அல்-மஃமூன் அல்-பதாயிஹி கட்டியது இது. முகப்பு முழுதும் செதுக்கிய கல். அதைவிட முக்கியம், இது தெருவின் நேர்கோட்டை அப்படியே ஒட்டி நிற்கிறது. வாசலுக்குள் நுழைந்து முற்றத்தை அடையும்போது திசைகாட்டியை மீண்டும் பாருங்கள். முற்றம் கிப்லாவை நோக்கித் திரும்பியிருக்கும். வெளிச்சுவர் தெருவுக்குக் கட்டுப்பட்டது, உட்பக்கம் மக்காவுக்குக் கட்டுப்பட்டது.

இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோண வித்தியாசம் எங்கே போனது? சுவரின் கனத்துக்குள் போய்விட்டது. முகப்புக்கும் முற்றத்துக்கும் இடையில் ஆப்பு வடிவத்தில் ஓர் இடம் உண்டாகிறது. ஒரு முனையில் குறுகல், மறுமுனையில் அகலம். வாசல் நடையையும் சிற்றறைகளையும் அந்த ஆப்புக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள். தெருவில் நிற்பவருக்குக் கட்டடம் நேராக நிற்கிறது. உள்ளே தொழுபவருக்கும் நேராக நிற்கிறது. கோணலைச் சுவர் விழுங்கிக்கொண்டது. கெய்ரோவில் இதை இப்படிச் செய்த முதல் கட்டடம் இதுதான். இதற்குப் பின் நானூறு ஆண்டுகள், ஃபாத்திமியருக்குப் பின்னால் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்கள் கட்டியவை பெரும்பாலும் இந்தச் சின்னப் பள்ளிவாசல் காட்டிய வழியைப் பின்பற்றின. முகப்பின் வலப்பாதி, பக்கத்தில் எழுந்த வீட்டுக்குள் மறைந்து கிடந்து, பிற்காலத்தில் புதுப்பித்தபோது திரும்பக் கட்டப்பட்டது. இடப்பாதிதான் பழையது. கல்லின் தேய்மானத்தில் வேறுபாடு நன்றாகவே தெரியும்.

ஒரு சாதாரண நடைமுறைச் சிக்கலுக்குக் கண்ட தீர்வு ஒரு நகரத்தின் கட்டடக்கலையாகவே வளர்ந்ததை இந்த அளவுக்கு வெளிப்படையாகக் காணக் கிடைக்கும் இடம் அரிது. பிரமிடுக்கு முன் நின்று வியப்பவர்களை நான் குறைசொல்லவில்லை. ஆனால் பிரமிடு பாலைவனத்தில் எழுந்தது, அண்டை வீட்டுக்காரன் என்று யாரும் அதற்குக் கிடையாது. அல்-அக்மருக்கு அண்டை வீட்டுக்காரன் இருந்தான், தெரு இருந்தது, கடவுளின் திசையும் இருந்தது. மூவரையும் திருப்திப்படுத்த வேண்டியிருந்தது. நகரம் என்பதன் சிரமம் அதுதானே.

தெருவின் மேற்குப் பக்கம்

அல்-அக்மருக்குத் தெற்கே தெரு இரண்டாகப் பிரியும் முனையில் அப்துல் ரஹ்மான் கத்குதாவின் 1744ஆம் ஆண்டுத் தண்ணீர்ப் பந்தல் நிற்கிறது. கீழே வழிப்போக்கருக்குக் குடிநீர், மேலே குழந்தைகளுக்குக் குர்ஆன் பள்ளி. உள்ளே மக்காவைச் சித்திரித்த ஓடுகளைத் தவறவிடாதீர்கள். அதைத் தாண்டியதும் தெரு அகலமாகிறது. ஃபாத்திமியரின் இரண்டு அரண்மனைகளுக்கு நடுவே இருந்த திடல் இது. அரண்மனைகள் போய்விட்டன. மேற்குப் பக்கம் முழுக்க மம்லூக் சுல்தான்கள் வரிசையாக இடம்பிடித்துக்கொண்டார்கள். முகப்புகள் கிழக்கைப் பார்ப்பதால் பதினொரு மணிக்குள் வந்தால் கல்வேலைப்பாட்டின் மேல் வெயில் சாய்வாக விழும். மதியத்துக்குப் பின் எல்லாம் நிழலாகிவிடும். வடக்கிலிருந்து தெற்காக நடக்கச் சொல்வதில் இந்த வெயில் கணக்கும் அடக்கம்.

கலாவூன் வளாகத்துக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். 1284–85இல் பதின்மூன்று மாதத்துக்குள் எழுப்பியது. அவசரத்துக்காகப் போர்க்கைதிகளை வேலையில் ஏவினார்கள். கல்லறை மாடம், மார்க்கக் கல்விக்கூடமான மத்ரசா, மருத்துவமனை மூன்றும் சேர்ந்தது. இங்கே புதிய சிக்கல் ஒன்று எழுகிறது. கெய்ரோவிலிருந்து மக்கா தென்கிழக்கே. தெருவின் கிழக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில், அல்-அக்மரைப் போல, முகப்பு ஒரு பக்கமும் கிப்லாச் சுவர் எதிர்ப்பக்கமும் அமையும். மேற்குப் பக்கத்தில் கட்டினால் தெருவை ஒட்டிய சுவரே கிப்லாச் சுவராகிவிடும். அந்தச் சுவரின் நடுவில் வாசல் வைக்க முடியாது, அங்கே கிப்லாவைக் காட்டும் சுவர்க்குழிவான மிஹ்ராப் இருக்க வேண்டும். அதனால்தான் கலாவூனின் வாசல் நேரே ஒரு நீண்ட, இருண்ட நடைக்குள் கொண்டுபோகிறது. வலப்பக்கம் கல்லறை, இடப்பக்கம் மத்ரசா. பின்னால் போய்ச் சுற்றிக்கொண்டு, தெருவைப் பார்த்த முகமாகத் திரும்பி உள்ளே வருகிறோம். சில வீடுகள் தள்ளியுள்ள பர்கூக்கின் 1386ஆம் ஆண்டு மத்ரசாவிலும் நடை வளைந்து வளைந்து முற்றத்தில் கொண்டுவிடுவது இதனால்தான்.

இந்த ஏற்பாட்டில் சுல்தானுக்கு ஓர் ஆதாயமும் இருந்தது. கல்லறையின் கிப்லாச் சுவர் தெருவோரமாக அமைந்ததால் அதில் ஜன்னல்கள் வைக்கலாம். உள்ளே ஓதும் குர்ஆன் தெருவில் போகிறவர் காதில் விழும், அவர் நின்று இறந்தவருக்காக ஒரு துஆ (பிரார்த்தனை) செய்துவிட்டுப் போவார். ஜன்னல்களின் ஆழத்தைக் கவனியுங்கள், ஒன்றுபோல் இருக்காது. தெருவின் கோணத்துக்கும் கிப்லாவின் கோணத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. மாடத்தின் உள்ளே நெருங்கி நிற்கும் கருங்கல் தூண்களும் பொன்வண்ண உத்தரங்களும் முதலில் கண்ணைப் பறிக்கும். அதற்கு நேரம் கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு வாருங்கள்.

இந்த கலாவூனின் அவைக்கு 1283இல் இலங்கையிலிருந்து தூதர் வந்திருக்கிறார். முதலாம் புவனேகபாகு மன்னர் அனுப்பியது. முத்து, மணி, இலவங்கப்பட்டை, யானை எல்லாம் தர முடியும், நேரடி வணிகம் வைத்துக்கொள்ளலாம் என்பதே செய்தி. இந்த வளாகத்தின் வேலை தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு. நம் பக்கத்துக் கடலுக்கும் இந்தத் தெருவுக்கும் அப்படியொரு போக்குவரத்து இருந்தது. கலாவூன் கட்டிய மருத்துவமனை ஆண், பெண், செல்வர், ஏழை என்று பாராமல் எல்லோருக்குமானது. பின்புறம் அதே இடத்தில் இன்றும் ஒரு கண் மருத்துவமனை நடக்கிறது. அடுத்துள்ள அல்-நாசிர் முஹம்மதின் மத்ரசா வாசலைப் பாருங்கள். கூர்வளைவும் மெல்லிய தூண்களுமாக ஐரோப்பியத் தேவாலயக் கதவு. 1291இல் பாலஸ்தீனக் கடற்கரையிலுள்ள அக்கா (ஏக்கர்) நகரம் சிலுவைப்போராளிகளின் கையிலிருந்து வீழ்ந்தபோது அங்கிருந்து பெயர்த்து வந்தது.

நடுப்பகல்

கான் அல்-கலீலியில் அரை மணி நேரத்துக்கு மேல் தேவையில்லை. மசாலாவும் வெள்ளியும் வாங்குவோர் வாங்கட்டும். ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். ஹுசைன் சதுக்கத்தை ஒட்டி யாராவது நல்ல உடையில் வந்து, “பள்ளிவாசல் இப்போது மூடியிருக்கிறது, இரண்டு மணிக்குத்தான் திறக்கும், அதுவரை இப்படி வாருங்கள்” என்று கனிவாகச் சொன்னால், அந்த வழி பெரும்பாலும் வாசனைத் தைலக் கடையிலோ பாப்பிரஸ் கடையிலோ போய் முடியும். நன்றி சொல்லிவிட்டுக் கதவை நீங்களே போய்ப் பாருங்கள். மதிய உணவுக்குக் கோஷரி போதும். சோறு, மக்ரோனி, மைசூர்ப் பருப்பின் பழுப்பு வகை, கொண்டைக்கடலை, மேலே பொரித்த வெங்காயமும் தக்காளிச் சாறும். பூண்டும் வினிகரும் சேர்ந்த தக்கா தனியாக வரும், அதைத் தாராளமாக விடலாம். ஷத்தா என்ற மிளகாய்க் குழம்பைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். காப்பி கேட்கும்போதே சர்க்கரை அளவையும் சொல்ல வேண்டும், ‘மஸ்பூத்’ என்றால் நடுத்தரம்.

அல்-அஸ்ஹர் சாலை பழைய தெருவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகிறது. மேலே கடக்க முயலாதீர்கள், சதுக்கத்திலிருந்து அல்-அஸ்ஹருக்குச் சுரங்க நடைபாதை உண்டு. 972இலிருந்து தொழுகை நடந்துவரும் அந்தப் பள்ளிவாசலில் லுஹர் முடிந்த பிறகு, மாணவர்கள் தூணடியில் உட்கார்ந்து பாடம் படிக்கும் நேரம் நல்ல நேரம்.

தென் பாதி

சாலையைத் தாண்டியதும் பயணிகள் கூட்டம் சட்டென்று குறைந்து உள்ளூர்ச் சந்தை தொடங்குகிறது. படுக்கை விரிப்பு, சீர்வரிசைத் துணி, பித்தளை அச்சில் வைத்து அழுத்திச் செய்யும் சிவப்புத் தர்பூஷ் தொப்பி. இருபக்கமும் சுல்தான் அல்-கூரியின் கட்டடங்கள், 1505இல் முடிந்தவை. மேற்கே மத்ரசா, கிழக்கே கல்லறை. இந்தியக் கடலில் மிளகு வணிகத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து காக்கக் கப்பற்படை அனுப்பியவர் இவர்தான். 1509இல் டையூவில் அந்தப் படை தோற்றது. 1516இல் அலெப்போவுக்கு அருகே மர்ஜ் தாபிக்கில் துருக்கிய உஸ்மானியரோடு போரிட்டு மாண்டார், உடல் கிடைக்கவில்லை. தனக்கென்று கட்டிய கல்லறையில் அவர் இல்லை. அடுத்து சுல்தானான தூமான் பே என்பவரை 1517இல் உஸ்மானியர் பாப் ஸுவைலாவில் தூக்கிலிட்டனர்.

பாப் ஸுவைலாவின் இரட்டைக் கோபுரங்களின் மேல் நிற்கும் இரண்டு மினாராக்கள் வாசலுக்கு உரியவை அல்ல, உட்பக்கத்தில் ஒட்டியுள்ள அல்-முஅய்யத் பள்ளிவாசலுக்கு உரியவை. சுல்தான் ஆவதற்கு முன் முஅய்யத் இங்கிருந்த சிறையில் தெள்ளுப்பூச்சிக் கடியில் கிடந்தார். விடுதலையானால் இதை இடித்து இறைவனுக்கு வீடு கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டு, 1415இல் தொடங்கினார். டிக்கெட் வாங்கி மாடிக்கு ஏறுங்கள். மினாராவின் படிக்கட்டு இருட்டு, தோள் அகலம்தான் இருக்கும், எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை. கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு, முதுகுப் பையைக் கீழே விட்டுவிட்டு ஏறுவது நல்லது. உயரம் பயமென்றால் வாசல் மாடியோடு நின்றுகொள்ளலாம். அங்கிருந்தே வடக்கே நோக்கினால் காலையிலிருந்து கண்டவை எல்லாம் தெரியும். தெரு ஒரு கோட்டில் போகிறது, மாடங்களும் முற்றங்களும் அதற்குச் சற்றுச் சாய்ந்து, எல்லாம் ஒரே பக்கமாக. கீழே நிற்கும்போது சுவர்கள் மறைத்த கோணல் மேலிருந்து பார்க்கும்போது ஒளிவதில்லை.

வாசலுக்கு வெளியே எதிரில் 1160ஆம் ஆண்டு சாலிஹ் தலாயி பள்ளிவாசல். அதன் அடியில் ஒரு பள்ளத்துக்குள் கடைகளின் வரிசை தெரியும். கட்டியபோது அந்தக் கடைகள் தெரு மட்டத்தில் இருந்தன. எண்ணூற்றைம்பது ஆண்டுக் குப்பையும் மண்ணும் தெருவை அந்த அளவுக்கு உயர்த்திவிட்டன. தெற்கே கூரைபோட்ட கயாமிய்யா சந்தில் துணியின்மேல் துணி தைக்கும் கூடாரத் தையல்காரர்கள் இருக்கிறார்கள். வாங்குவதானால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கையால் தைத்ததில் இழைகள் சீரற்று ஓடும். அச்சடித்த துணியில் பின்பக்கம் வெளிறி வெறுமையாக இருக்கும்.

ஹசனும் தூலூனும்

அங்கிருந்து தெற்கே இருபது நிமிட நடையில் சுல்தான் ஹசன். நாலரைக்குள் உள்ளே இருக்க வேண்டும், மூன்று மணிக்கு வந்தால் நிம்மதி. டிக்கெட் எதிரே உள்ள ரிஃபாயி பள்ளிவாசலுக்கும் சேர்த்துத்தான். ஈரானின் கடைசி ஷா அங்கே அடக்கம். நேரம் குறைவானால் அதை விட்டுவிடலாம். 1356இல் தொடங்கிய சுல்தான் ஹசனின் வாசல் ஏறத்தாழ 38 மீட்டர் உயரம். வாசலுக்கு நேர் எதிரே நிற்காமல் சுவரோரமாகச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். வாசல் சுவரின் கோட்டில் இல்லை, தனியாகத் திரும்பியிருக்கிறது. பக்கத்து மலைமேல் உள்ள கோட்டையிலிருந்து வருகிறவர் கண்ணில் படவேண்டும் என்று அதைத் திருப்பிவைத்தார்கள். அல்-அக்மர் தெருவுக்கு வளைந்து கொடுத்தது, இது அதிகாரத்துக்கு முகம் காட்டுகிறது. உள்ளே இருண்ட நடை ஒன்று திரும்பித் திரும்பிச் சென்று, திடீரென்று வானம் திறந்த முற்றத்தில் விடும். நாலு பக்கமும் நாலு பெரும் வளைவுகள், மூலைகளில் சுன்னி முஸ்லிம்களின் நான்கு சட்டப் பிரிவுகளான மத்ஹபுகளுக்கும் தனித்தனி மத்ரசா. கிப்லாப் பக்கத்து வளைவின் கீழ் உட்கார்ந்து, மேலிருந்து தொங்கும் விளக்குச் சங்கிலிகளைப் பாருங்கள், உயரம் அப்போதுதான் உறைக்கும்.

சலாஹுத்தீன் 1176இல் தொடங்கிய கோட்டை பக்கத்திலேயே மலைமேல் நிற்கும். அதற்கு அரை நாள் வேண்டும், இந்த நாளில் திணிக்காதீர்கள். அந்த நேரத்தை இப்னு தூலூனுக்குக் கொடுங்கள். மேற்கே கால் மணி நேர நடை. 879இல் முடிந்தது, அதாவது கெய்ரோ பிறப்பதற்குத் தொண்ணூறு ஆண்டு முன். செங்கல் தூண்கள், சுண்ணச் சாந்தில் வெட்டிய பூவேலை, நூற்றுக்கும் மேற்பட்ட ஜன்னல்கள், அவற்றின் சல்லடைகளில் பலவும் வெவ்வேறு வடிவம். பள்ளிவாசலைச் சுற்றி மூன்று பக்கமும் வெறும் வெளிமுற்றம், அதைச் சுற்றி இன்னொரு மதில். சந்தையின் இரைச்சல் உள்ளே எட்டாமலிருக்க விட்ட இடம். இங்கே சுவர் எந்தக் கோணலையும் விழுங்க வேண்டியிருக்கவில்லை. தெரு வந்து முட்டாத தூரத்தில், மேட்டு நிலத்தில், கட்டடம் முழுவதும் ஒரே திசைக்கு நிற்கிறது. அல்-முயிஸ் தெருவை நடந்து முடித்த கண்களோடு இந்த முற்றத்தில் நின்றால்தான் இடம் இருப்பதும் இல்லாததும் கட்டடத்தை என்ன செய்கின்றன என்பது தெரியும். வரிசையை மாற்றி இதை முதலில் பார்த்தால் அழகான பழைய பள்ளிவாசல் என்பதோடு போய்விடும்.

சுருள் படி வெளிப்புறமாகச் சுற்றிச் செல்லும் மினாரா வெளிமுற்றத்தில் தனியாக நிற்கிறது. காவலர் இருந்து அனுமதித்தால் ஏறுங்கள். கைப்பிடிச் சுவர் தாழ்வு, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிற்பகல் தொழுகையான அஸருக்கு ஆட்கள் வந்தால் தொழுகைக் கூடத்தைவிட்டு விலகி, வெளிமுற்றத்தில் இருந்துகொள்ளலாம். திரும்புவதற்கு மேற்கே இருபது நிமிடம் நடந்தால் சையிதா ஸைனப் மெட்ரோ நிலையம், முதல் பாதை. அந்த நேரத்தில் ரயில் நிரம்பி வரும். பெண்களுக்கு நடுப்பெட்டிகள் தனியாக உண்டு, நடைமேடையில் அதற்கான பலகைக்கு அடியில் நின்றுகொள்ளுங்கள்.